கைதட்டிய கைகள்

கைதட்டல் ஓயவே இல்லை. பந்தலுக்குள் இடமின்றி வெளியே நின்றோர் தட்டினர். முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்த ஊர்ப் பெரியவர்கள் தட்டினர். ஒலிபெருக்கிக்காரர் தம் வேலையை மறந்து தட்டினார். மேடையிலே நின்றவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். கிழிந்த போர்வை, கரி பூசிய முகம், மடக்கி வைத்த விரல்கள், இழுத்து இழுத்து வைக்கும் நடை, கரகரத்த குரல். 'ரத்தக் கண்ணீர்' திரைப்படத்திலே எம். ஆர். இராதா அவர்கள் ஏற்ற தொழுநோயாளி வேடத்தை அச்சு மாறாமல் நடித்துக் காட்டினான் அச்சிறுவன். இருமினான், சிரித்தார்கள். தடுமாறினான், சிரித்தார்கள். சோற்றுக்குக் கை நீட்டினான். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவனுக்கு அந்த இருமலைக் கற்றுத் தந்தது யார்? விரலை எவ்வாறு மடக்க வேண்டுமென்று காட்டிக் கொடுத்தது யார்? நாம்தான்! மூன்று வாரம், மாலைதோறும், வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மடக்கடா, இன்னும் கொஞ்சம் இழுத்து நடடா" என்று கற்றுத் தந்தோம். கைதட்டல் அவனுக்கு விழுந்தது; அதில் பாதி நமக்கு என்று எண்ணி மேடையோரம் பூரித்து நின்றோம்.

பூரிப்புக்குக் காரணமும் இருந்தது. நாம் பிறந்தது பகுத்தறிவுக் குடும்பம். பாட்டனார் சாதகம் எழுதாதவர். தந்தையார் தாலியின்றி மணம் புரிந்தவர். அப்படத்தின் ஒலிச்சித்திர நாடா நமது இல்லத்திலே பாடப்புத்தகம் போலப் போற்றப்பட்டது. வைதீகத்தைச் சாடும் வரிகளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமுன்பே ஒப்புவித்தோம். கல்லூரி விழாவிலே அதே வேடம் பூண்டு கோப்பையும் வென்றோம். கலைப் பட்டம் பெற்று, செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராய்ச் சேர்ந்தபோது, நமது பெட்டியிலே பட்டச் சான்றிதழுடன் அந்தக் கோப்பையும் இருந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விழாவுக்குச் சில நாள் முன்பு, சனவரி 30-ஆம் நாள். நாடெங்கும் தொழுநோய் ஒழிப்பு நாளாகக் கொள்ளப்படும் நாள். காலைக் கூட்டத்திலே உறுதிமொழி வாசிக்க வேண்டும். குரல் வளம் உள்ளவர் என்பதால் அப்பணி நமக்கு வாய்த்தது. நோயுற்றோரை ஒதுக்க மாட்டோம் என்று நாம் சொல்ல, நானூறு பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள். அன்று மாலையே கதவைச் சாத்திக்கொண்டு இருமல் பயிற்சி நடத்தினோம். காலையில் உறுதிமொழி உரைத்த வாய். மாலையில் இருமக் கற்றுத் தந்த வாய். இரண்டும் ஒரே வாய்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது ஓர் இருக்கை.

விழா முடிந்த திங்களன்று எட்டாம் வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாய்க் கிடந்தது. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. நாளொன்றும் தவறாத மாணவி. கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் கூடுதலாய் எழுதித் தருபவள். "எங்கே அவள்?" என்றோம். வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்து யாரோ இருமினார்கள். நாம் கற்றுத் தந்த அதே இருமல். வகுப்பு சிரித்தது. அருகில் அமரும் சிறுமி எழுந்து, தரையைப் பார்த்தவாறு சொன்னாள்: "அவ வரமாட்டா சார். அவங்க ஆயாவுக்கு அந்த நோவாம். பசங்க எல்லாம் அவளப் பாத்து இருமுறாங்க சார்."

அன்று மாலை அவ்வீட்டைத் தேடிச் சென்றோம்.

ஏரிக்கரையை ஒட்டிய ஒற்றை அறை வீடு. வாசலில் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார் மூதாட்டி ஒருவர். அறுபதைத் தாண்டிய வயது. வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கை நோக்கி வளைந்திருந்தன. மற்ற விரல்களால் முறத்தைப் பிடித்து, இலாவகமாகப் புடைத்தார். நம்மைக் கண்டதும் எழுந்தார். அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்தார். முப்பதாண்டுப் பழக்கம் அது என்பதைப் பிறகு அறிந்தோம்.

"வாங்க சார், குந்துங்க. அவளுக்குக் காய்ச்சல்னு சொல்லச் சொன்னா. எனக்குப் பொய் சொல்ல வரல" என்றவர், உள்ளே திரும்பி, "இந்தாம்மே, ஓடிப்போய் கடையில சாருக்குக் கலர் வாங்கியா" என்று பேத்தியை விரட்டினார். வந்தவர்கள் அவ்வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. ஆகையால் மூடி போட்ட கலர்.

"வேண்டாம் ஆயா, தண்ணீர் போதும்" என்றோம்.

சொல்வதை முழுமையாகச் சொல்லிவிடுவோம். குவளை வந்தது. வாங்கிய கை ஒரு கணம் தயங்கியது. நோய் எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்பதெல்லாம் உறுதிமொழித் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது, படித்தும் இருந்தோம். ஆயினும் கை தயங்கியது. மூதாட்டி அதைக் கண்டார். கண்டும் காணாததுபோல் அரிசியைப் பார்த்தார். குடித்தோம். அந்தக் கணத்தை மட்டும் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

"அந்த நாடகம் நீங்க சொல்லிக் குடுத்ததா சார்?"

"ஆமாம், ஆயா."

"நல்லா நடிச்சான்னு சொன்னாங்க. நானும் அந்தப் படத்த டெண்டு கொட்டாயில பாத்தவதான். மணல்ல குந்திக்கினு பாத்தேன். எனக்கு அப்ப பதினாலு வயசு. கை வலிக்கத் தட்டினேன் சார்."

பிறகு தம் கதையைச் சொன்னார். இருபத்தேழாம் வயதில், அடுப்பங்கரையிலே கை சுட்டது, சுட்டது தெரியவில்லை. தோல் கருகிய வாடை வந்தபின்தான் குனிந்து பார்த்தார். முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று முன்பே இருந்திருக்கிறது. தேமல் என்று விட்டுவிட்டார். விரல்கள் வளையத் தொடங்கின. ஊர் கண்டுகொண்டது. மாமியார் கேட்ட கேள்வியை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்:

"'படத்துல அவனுக்கு எப்படி வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். உனக்கு எப்படிடி வந்துச்சு?'ன்னு கேட்டாங்க சார். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது? எந்த ஊட்டுக்குப் போனேன் நான்? அந்தக் கேள்விக்கு எந்த டாக்டர்கிட்ட மருந்து இருக்குது?"

மூன்று வயதுக் குழந்தையோடு தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கணவன் வேறு மணம் செய்துகொண்டான். மிதிவண்டியில் ஊர் ஊராய் வந்த நலப்பணியாளர் ஒருவர் படையைக் கண்டு திருமணி மருத்துவமனைக்கு அனுப்பினார். இரண்டாண்டு மாத்திரை. நோய் நீங்கிற்று என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை இன்னமும் பெட்டியடியில் வைத்திருக்கிறார்.

"நோவு ரெண்டு வருசத்துல போயிடுச்சு சார். பேருதான் முப்பது வருசமாப் போகல. இப்ப அது இந்தப் பொண்ணு மேல ஏறிக்கினு நிக்குது."

தோழர்களே! திரும்பும் வழியெல்லாம் ஏரிக்கரையில் நமக்கு நாமே வழக்காடிக்கொண்டு நடந்தோம். 1954-ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம் எத்தனை பொய்ம்மைகளைக் கிழித்தெறிந்தது! செல்வத் திமிரைக் கேலி செய்தது. போலிப் பக்தியைக் கேலி செய்தது. தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணமுடிக்கச் சொல்லும் கணவனைக் காட்டிப் பழமையை நடுங்க வைத்தது. அந்த நடிப்புக்கு முன் தலை வணங்குகிறோம், இன்றும் வணங்குகிறோம். ஆயினும் கதையின் முதுகெலும்பு யாது? தாயை மதியாதவன், மனைவியை விட்டுப் பரத்தையை நாடியவன்; ஆகவே அவனுக்குத் தொழுநோய். செய்த தீமைக்கு உடலிலே தண்டனை!

இதைத்தானே நாம் 'கர்மபலன்' என்ற பெயரில் ஊர் ஊராய் எதிர்த்தோம்? முன்வாசலில் வந்த கர்மத்தை 'வெளியே போ' என்று விரட்டிவிட்டு, பின்வாசலில் வேடம் மாற்றி வந்த அதே கர்மத்துக்குக் கைதட்டினோம் அல்லவா? தண்டிப்பவன் கடவுள் என்றால் மறுத்தோம். தண்டிப்பது கதை என்றபோது இரசித்தோம். பகுத்தறிவாளர் வீட்டு நாடா ஒலித்தது. எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு மாமியார் அதையே சான்றாகக் காட்டி மருமகளைக் குற்றக் கூண்டில் ஏற்றினார்.

உண்மையோ வேறு. நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் ஆன்சன் என்னும் மருத்துவர் 1873-ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். அதற்கு முன் அந்நாட்டு அறிஞரும் 'இது பரம்பரை நோய்' என்றே எண்ணியிருந்தனர். பரம்பரையும் அன்று, பாவமும் அன்று, ஒழுக்கக் கேடும் அன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி! மருத்துவம் பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வோருக்கு, மூக்கு வாய் வழியே வெளிப்படும் நுண்துளிகளால் அது தொற்றக்கூடும். அவ்வாறு தொற்றினும், மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே அதை வெல்லும் ஆற்றல் உண்டு. கை குலுக்கினால் வராது. அருகில் அமர்ந்தால் வராது. ஒன்றாய் உண்டால் வராது. சிகிச்சை தொடங்கிய சின்னாட்களிலேயே பரவும் தன்மை ஒழிந்துபோகிறது.

விரல் அழுகி விழுகிறது என்பதும் கட்டுக்கதை. கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு கெட்டால் உணர்வு கெடும். உணர்வு கெட்டால் நெருப்பும் ஆணியும் தெரியாது. தெரியாத புண் ஆறாது. ஆறாத புண் விரலைத் தின்னும். இதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வு எங்கு நடந்தது? தொலைவில் அன்று, நமது வேலூரில்! பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1940-களின் இறுதியில் அங்கே மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டினார். வலி என்பது காவலன். அக்காவலன் உறங்கிப்போவதே இந்நோயின் கொடுமை என்பதை நிறுவினார். செங்கற்பட்டுத் திருமணியில் 1920-களிலேயே மருத்துவமனை எழுந்தது. 1955-இல் அது நடுவண் அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. அதாவது, கொட்டகையில் 'தண்டனை' என்று கண்ணீர் விட்ட காலத்திலேயே, சில கல் தொலைவில் மருத்துவர்கள் டாப்சோன் மாத்திரை தந்துகொண்டிருந்தார்கள். 1982-இல் உலக நலவாழ்வு நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்து உண்ணும் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதம், மிகுந்தால் பன்னிரண்டு மாதம்; நோய் தீர்கிறது. மருந்துக்குக் காசில்லை. 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழாக நோய் குறைந்துவிட்டது என்று இந்திய அரசு அறிவித்தது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாய்க் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நாட்டினரே. ஓராண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். மருந்து இருக்கிறது, காசும் வேண்டாம், பின் ஏன் காலந்தாழ்ந்து வருகிறார்கள்? வெளிறிய படையைக் கண்டதும் மருத்துவரைத் தேடாமல் முந்தானையைத் தேடுகிறார்களே, ஏன்? மறைக்கக் கற்றுக் கொடுத்தது கிருமியன்று. நாம்!

பழம்பெரும் சாத்திரங்கள் இதற்கு உரமிட்டன. துணி திருடியவனுக்கு வெண்குட்டம் என்று தண்டனைப் பட்டியல் போட்டது மனுவின் நூல். அத்தோடு நின்றதா? எவ்வளவு செல்வம் இருப்பினும் குட்ட நோயுள்ள குலத்தில் பெண்ணெடுக்காதே என்று மூன்றாம் அத்தியாயத்தில் விதி வகுத்தது. கவனியுங்கள்: நோயாளியை மட்டுமன்று, குலத்தையே விலக்கிற்று! கண்ணனின் மகன் சாம்பனுக்குத் தந்தையின் சாபத்தால் குட்டம் வந்தது என்று புராணம் புகன்றது. வேறு சமயத்தாருக்கும் இதில் குறைவில்லை; பாளையத்துக்குப் புறம்பே குடியிருக்கட்டும் என்றது பழைய ஏற்பாடு.

சாத்திரம் போட்ட கோட்டைச் சட்டமும் தொடர்ந்தது. ஆங்கிலேயர் 1898-இல் ஒரு சட்டம் செய்தனர். வழியின்றிப் பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடியாணை இல்லாமலே காவலர் பிடிக்கலாம், விடுதியில் அடைக்கலாம். அறிவிக்கப்பட்ட இடங்களில் உணவுத் தொழில் செய்யத் தடை. பொதுக் கிணற்றில் நீராடத் தடை. மாளிகையில் இருக்கும் நோயாளியை அச்சட்டம் தேடிப் போகவில்லை, வறியவனையே தேடிற்று. அடைத்தது கிருமியையா, ஏழ்மையையா? வெள்ளையர் 1947-இல் போனார்கள். அச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது! தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்ற விதி திருமணச் சட்டங்களிலிருந்து அகன்றது 2019-இல். ஒடிசாவில் மக்கள் வாக்களித்து நகராட்சிக்கு அனுப்பிய ஒருவர் இந்நோயின் பேரால் பதவி இழந்தார். 2008-இல் உச்சநீதிமன்றமும் அந்தத் தகுதியிழப்பை ஏற்றது. இத்தகைய வரிகள் இன்னமும் பல சட்டங்களில் எஞ்சி நிற்கின்றன.

ஆனால் எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லாத தண்டனை ஒன்றுண்டு, குடும்பத்துக்கான தண்டனை. அதற்கும் கணக்குக் கேட்டார்கள் சப்பான் நாட்டிலே. அந்நாட்டரசு நோயாளிகளைத் தனித்து அடைக்கும் சட்டத்தை 1996 வரை வைத்திருந்தது. அடைபட்டோர் வழக்காடி 2001-இல் வென்றனர். பின்னர் அவர்தம் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் எழுந்தார்கள்: "எங்களுக்கு நோயில்லை, ஆயினும் பள்ளியில் ஒதுக்கப்பட்டோம், மணம் மறுக்கப்பட்டோம், வேலை இழந்தோம். இந்த இழிவை விதைத்தது அரசின் சட்டம்" என்று முறையிட்டார்கள். 2019 சூனில் குமாமோட்டோ நீதிமன்றம் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பத்தினருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. அவ்வாண்டே குடும்பத்தினருக்கான இழப்பீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. 'நோயாளியின் மகள்' என்ற சொல்லால் விளையும் காயமும் காயமே என்று நீதி ஒப்புக்கொண்ட நாள் அது.

அந்தக் காயத்தை மறுவாரமே கண்முன் கண்டோம்.

மாணவியின் தாய் நமது பள்ளிச் சத்துணவுக்கூடத்திலே சமையல் உதவியாளர். தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த மூன்று வயதுக் குழந்தைதான், இன்று அரிசி களைந்து பாத்திரம் துலக்கும் பணியாள். அவருக்கு நோயில்லை, என்றும் இருந்ததில்லை. ஆனால் இருமல் வகுப்பறையிலிருந்து ஊருக்குள் போயிருந்தது. பெற்றோர் பதினொருவர் திரண்டு வந்தனர். "அவ கையால பொங்குற சோத்த எங்க புள்ளைங்க துன்னாது" என்றனர். பள்ளிப் பொறுப்பில் இருந்தவர் தீயவரல்லர், கலகம் வேண்டாதவர். "சில நாள் வீட்டிலிருக்கட்டும், ஆறிப்போகும்" என்றார்.

நாம் அந்த அறையிலேதான் இருந்தோம். பட்டிமன்றத்தில் மனுவைக் கிழித்த நா, கல்லூரி மேடையில் முழங்கிய நா, அன்று அசையவில்லை. ஊர் புதிது, பணி புதிது, பகை எதற்கு என்றது உள்ளம். நாம் மூட்டிய தீயை நாமே அணைக்காமல் ஓரமாய் நின்றோம். கடவுளை மறுக்க நமக்குத் துணிவு இருந்தது. பதினொரு பெற்றோரை மறுக்க இல்லை! அன்று அந்தத் தாய் ஒரு சொல்லும் பேசாமல் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நேராய் நிமிர்ந்தே போனார். குனிந்திருந்தது நாம்.

இரவு உறக்கமில்லை. விடிந்ததும் இரண்டு செய்தோம். ஒரு தாள் எடுத்து, "இப்பணியாளரை வீட்டில் இருக்கச் சொன்னது எந்த விதியின்படி?" என்ற ஒற்றை வினாவை எழுதி, கையொப்பமிட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் தந்தோம். நோய் நீங்கியோரையும் மாற்றுத்திறனாளிகளாய்க் கொண்டு காக்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கையில், நோயே இல்லாத மகளை நிறுத்த எந்த விதி இருக்க முடியும்? அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "விதி எதுவுமில்லை" என்றார். "அப்படியென்றால்?" என்றோம். மாலைக்குள் அந்தத் தாய்க்கு ஆள் அனுப்பினார்.

மற்றொன்று: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து வந்தோம். அவர் பெற்றோரிடம் நீண்ட உரை ஆற்றவில்லை. ஒரு பஞ்சுத் திரியை எடுத்தார். "உங்கள் பிள்ளை மேல் வெளிறிய படை இருந்தால், கண்ணை மூடச் சொல்லி இதனால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள்; ஓராண்டுக்குள் தீர்த்து அனுப்புகிறேன். சோற்றைக் கண்டு அஞ்சாதீர்கள்; காலந்தாழ்த்துவதற்கு அஞ்சுங்கள்" என்றார். நண்பகல் மணி அடித்தது. தட்டை ஏந்திக்கொண்டு முதல் ஆளாய் நின்றோம். இரண்டாவதாய் மருத்துவர். மூன்றாவதாய் வந்து நின்றவன், மேடையில் அவ்வேடம் போட்ட அதே சிறுவன்.

வெற்றி முழக்கம் செய்ய இதை எழுதவில்லை. அன்று உண்ட பிள்ளைகள் பாதிக்கும் குறைவு. மாதம் ஒன்றில் பெரும்பாலோர் திரும்பினர். நான்கு வீட்டுப் பிள்ளைகள் இன்றும் தூக்குச்சட்டியோடுதான் வருகிறார்கள்.

மாணவியும் வந்தாள். ஆனால் கடன் ஒன்று மிச்சமிருந்தது. காலைக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எவ்வாறு கேட்பது? 'இன்ன குடும்பத்தைப் புண்படுத்தினோம்' என்று சொன்னால், அறியாதோருக்கும் அவ்வீட்டைச் சுட்டிக் காட்டியதாகும். மன்னிப்பே இரண்டாம் காயமாகும். மீண்டும் ஏரிக்கரை வீட்டுக்குச் சென்று மூதாட்டியையே கேட்டோம். அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கியபடி சொன்னார்: "எம் பேரச் சொல்லாதீங்க சார். நோவப் பத்திச் சொல்லுங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க."

அவ்வாறே சொன்னோம். நோயைப் பற்றிச் சொன்னோம். நம்மைப் பற்றிச் சொன்னோம். "தவறான பாடம் நடத்தினேன், திருத்திக் கொள்கிறேன்" என்று ஆசிரியர் ஒருவர் சொல்வதைப் பிள்ளைகள் அதுவரை கேட்டதில்லை போலும்; கூட்டம் அசையாமல் நின்றது. அதன்பின் வகுப்பில் இருமல் எழவில்லை.

பகுத்தறிவுத் தோழர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நாம் சாதகம் பார்ப்பதில்லை. 1967-இல் சட்டம் பெற்ற சுயமரியாதைத் திருமணத்தைப் பெருமையாய்ச் செய்கிறோம். ஆனால் பெண் பார்க்கையில் "அந்தக் குடும்பத்தில் பெருநோய் ஏதும் உண்டா?" என்று பக்கத்து வீட்டில் மெல்ல விசாரிக்கிறோமே, அது மனுவின் மூன்றாம் அத்தியாயம் அல்லவா? எதிரியை ஏச வேண்டுமென்றால் நோயின் பெயரையே வசைச்சொல்லாக்கி மேடையில் வீசுகிறோமே, அது சாபம் அல்லவா? 'சாபம் பலிக்காது' என்று சொல்லும் வாயே சாபமிடுவதா? கை மடக்கி, கால் இழுத்து நடித்துச் சிரிக்க வைக்கிறோமே, சிரிப்போர் நடுவே கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணியதுண்டா?

நூலில் உள்ள மடமையை எரிப்பது எளிது. நுனிநாக்கிலும் விரல்நுனியிலும் உள்ள மடமையை எரிப்பதே கடினம். கிருமியை ஒழிக்க மாத்திரை போதும். ஓராண்டில் முடியும் வேலை. எஞ்சிய வேலை நம்முடையது. ஒரு சொல்லைக் கைவிடுவதும், ஒரு குவளையைத் தயங்காமல் வாங்குவதும், 'எந்த விதியின்படி?' என்று ஒரு தாளில் எழுதி நீட்டுவதும் அவ்வேலையின் தொடக்கம்.

சென்ற வாரம் அவ்வீட்டுக்குச் சென்றோம். மூதாட்டி கடைக்கு ஆள் அனுப்பவில்லை. அடுப்பில் தேநீர் வைத்தார். குவளையை நீட்டினார், வலக்கையால். முந்தானைக்கு வெளியே, வெளிச்சத்தில், வளைந்த இரு விரலும் தெரிய நீட்டினார். இம்முறை நமது கை தயங்கவில்லை. பேத்தி வாசலில் அமர்ந்து, வழக்கம்போல் இரண்டு பக்கம் கூடுதலாய்க் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள்.